பதினைந்து முறை அறிமுகமான கேரட்

இதுவரை உலகத்தில் பிறந்த குழந்தைகள் அத்தனையும் எந்தக் கையேடும் இல்லாமலே சாப்பிட்டு, பல் முளைத்து, ஆளாகி, கல்யாணம் கட்டி, தாங்களும் பிள்ளை பெற்றுவிட்டன என்பது நிர்வாக வரலாற்றில் மிகப் பெரிய குறைபாடு. இத்தனை ஆயிரம் வருஷமாக இதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்ட ஒரே மனிதர் ஓர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னலிலிருந்து இரண்டாவது மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

அந்த மாடி முழுவதும் 'மழலையர் காய்கனி ஊக்குவிப்புப் பிரிவு'. மொத்தம் பதினான்கு பேர். குழந்தைகளைக் காயும் பழமும் தின்ன வைப்பது இவர்கள் கடமை. காலை பதினொரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் டீயும் பிஸ்கட்டும் வரும். கூட்ட அறை மேஜையின் நடுவில் ஒரு பெரிய பழக்கூடை இருக்கும். ஆப்பிள், அன்னாசி, திராட்சைக் கொத்து எல்லாம் பிளாஸ்டிக். அசல் பழம் வைத்தால் அழுகும். அழுகினால் யார் பொறுப்பு என்று ஒரு கோப்பு திறக்க வேண்டும். அந்தக் கோப்பு பழத்தைவிட அதிக நாள் நாறும். ஆகவே பொதுநலன் கருதி பிளாஸ்டிக்.

நம் ஆள் இந்தப் பிரிவின் மூளை. 'மழலையும் காய்கனியும்: ஒரு முழுமையான வழிகாட்டி' என்கிற கையேட்டை எழுதியவர். எண்பத்து நான்கு பக்கம், ஆறு இணைப்புகள். அதை எழுதிய நாளிலிருந்து லிஃப்ட் இயக்குபவர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் 'கையேட்டுக்காரர்'தான். எழுதும்போது அவருக்குக் குழந்தை இல்லை. கையேடு அவ்வளவு தெளிவாக வந்ததற்கு அதுதான் காரணம். அனுபவம் என்று ஒன்று குறுக்கே வந்துவிட்டால் எழுத்தில் தயக்கம் தட்டும். 'சில சமயம்', 'ஒருவேளை' என்றெல்லாம் போட வேண்டிவரும். அந்தக் கையேட்டில் தேடினாலும் ஒரு 'ஒருவேளை' கிடைக்காது.

பிறகு அவருக்கு ஒரு பெண் பிறந்தாள். வீட்டில் சிட்டு என்று கூப்பிட்டார்கள். இந்தக் கதை நடக்கும்போது அவளுக்கு இரண்டு வயது நாலு மாதம்.

சிட்டுவுக்குச் சாப்பாட்டில் ஒரே ஒரு கொள்கை. வெள்ளையாக இருப்பது உணவு, மற்றதெல்லாம் குப்பை. பால், சோறு, ஓரம் வெட்டிய ரொட்டி, நூடுல்ஸ். இந்த நாலு பொருளில் அவள் உலகம் அடங்கிவிட்டது. ஒருமுறை நூடுல்ஸில் ஒரு கொத்தமல்லித் தழை விழுந்துவிட்டது. அவள் தட்டை இரண்டு கையாலும் தள்ளி வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்த பார்வையில் அம்மாவுக்கே தான் ஏதோ கொலை செய்துவிட்டதுபோல் ஆகிவிட்டது.

இதெல்லாம் வேடிக்கை என்று இருந்துவிடலாம். ஆனால் நாலு நாளுக்கு ஒருமுறை அந்த வீட்டில் வேறொன்று நடக்கும். சிட்டு தன் சின்னக் கக்கா நாற்காலியில் உட்கார்ந்து, முகம் சிவக்க முக்கி, வராமல், வலியில் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவாள். "வேணாம்மா, வேணாம்மா" என்பாள். எது வேண்டாம் என்று சொல்கிறாள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அம்மா, ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுப்பவள், அந்த நேரத்தில் குழந்தையோடு சேர்ந்து அழுவாள்.

குழந்தை மருத்துவரிடம் போனார்கள். அவர் சிட்டுவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"இறுகிப் போய்க் கிடக்கு. இப்போதைக்கு ஒரு டானிக் எழுதறேன். ஆனா அதையே வருஷக்கணக்கா ஊத்திக்கிட்டிருக்க முடியாது. காய், பழம் உள்ள போகணும். ரெண்டு மாசம் பாப்போம். சரியாகலேன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், அவங்க உள்ள குழாய் விட்டுத்தான் பாக்கணும்னு சொல்வாங்க."

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. கையேட்டுக்காரர் பேனாவை எடுத்தார்.

"ரெண்டு மாசம்னா டாக்டர், வேலை நாளா, இல்ல லீவு நாளும் சேத்தா?"

மருத்துவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட மணியடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி நேராகக் கேட்டாள்.

"ஏங்க, நீங்கதானே அதுக்குன்னு ஒரு புஸ்தகம் எழுதியிருக்கீங்க? அதுல என்னதான் போட்டிருக்கீங்க?"

கையேட்டுக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கையேடு வெளியாகி நாலு வருஷத்தில், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு ஜீவன் கேட்பது அதுவே முதல் தடவை. பக்கம் முப்பத்தொன்றைப் பிரித்து எழுந்து நின்று வாசித்தார்.

"'எந்தவொரு காயையும் குழந்தைக்குப் பதினைந்து முறை அறிமுகப்படுத்துதல் வேண்டும். பதினைந்தாவது அறிமுகத்தின் முடிவில் குழந்தை மேற்படி காயை ஏற்றுக்கொள்ளும்.'"

"அறிமுகம்னா?"

"அறிமுகம்னா அறிமுகந்தான். இணைப்பு மூணுல படிவம் இருக்கு."

படிவம் அற்புதமான படிவம். தேதி, காயின் பெயர், அறிமுக எண், அறிமுகப்படுத்தியவர் கையொப்பம், குழந்தையின் கருத்து என்று ஐந்து கட்டங்கள். 'சாப்பிட்டதா?' என்று ஆறாவதாக ஒரு கட்டம் போடலாம் என ஆரம்பத்தில் யாரோ ஒரு புதியவர் யோசனை சொன்னார். அதைப் பற்றி இரண்டு அமர்வுகள் விவாதித்தார்கள். அப்படி ஒரு கட்டம் இருந்தால் யாராவது அதில் 'இல்லை' என்று எழுதக்கூடும், எழுதினால் சாதனை விகிதம் குறையும் என்பதால் அது ஒருமனதாக நீக்கப்பட்டது. யோசனை சொன்ன புதியவர் கிடங்குக்கு மாற்றப்பட்டார்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குப் பணி தொடங்கியது. கையேட்டுக்காரர் குளித்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்து, மகளுக்கு எதிரே அமர்ந்தார். கையில் ஒரு கேரட்.

"சிட்டு, இது கேரட். கேரட், இது சிட்டு."

சிட்டுவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. கேரட்டை வாங்கி, குலுக்கி, "நல்லாருக்கியா?" என்று விசாரித்துவிட்டு அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"பாத்தியா?" என்றார் அப்பா, கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "அறிமுகம் ஒண்ணு முடிஞ்சுது."

ஒவ்வொரு நாளும் ஒரு தடவை காட்டினால் பதினைந்து நாளாகும். ஆனால் அது காலாண்டு முடிகிற வாரம். காலாண்டு முடிவில் நிலுவை வைப்பது கையேட்டுக்காரர் ரத்தத்திலேயே இல்லை. எட்டு மணிக்குள் கேரட்டுக்குப் பதினைந்து அறிமுகமும் முடித்துவிட்டார். மறுநாள் பீட்ரூட். அதற்கு மறுநாள் பீன்ஸ். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறு காய், தொண்ணூறு அறிமுகம், தொண்ணூறு கையொப்பம். குழந்தையின் கருத்து என்ற கட்டத்தில் தொண்ணூறு இடத்திலும் 'நலம் விசாரித்தது' என்று எழுதியிருந்தார்.

"எல்லாம் சரி, ஒரு துண்டு கூட உள்ள போகலையே" என்றாள் மனைவி.

"ஏத்துக்கிட்டா இல்ல?"

"ஏத்துக்கிட்டு என்ன? முழுங்கணும்ல?"

"முழுங்கறது ரெண்டாம் கட்டம். ரெண்டாம் கட்டத்துக்கு இன்னும் கையேடு வரலை."

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். பூசணிக்காயைக் குழைய வேகவைத்து, வடிகட்டி, நூடுல்ஸில் யாருக்கும் தெரியாமல் கலந்தாள். நிறம் லேசாக மாறியிருந்தது, அவ்வளவுதான். சிட்டு ஒரு வாய் வாங்கினாள். மெல்வதை நிறுத்தினாள். கிண்ணத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். வாயில் இருந்ததை நாக்கால் மெதுவாக வெளியே தள்ளினாள். அன்றோடு அவள் நூடுல்ஸையும் கைவிட்டாள். நாலு பொருள் மூன்றாகிவிட்டது.

அன்று அந்தத் தாய் அடுப்படியில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். கையேட்டுக்காரர் அவளைத் திட்டவில்லை. பக்கம் ஐம்பத்திரண்டில் 'ஒளித்து ஊட்டுதல் வெளிப்படைத்தன்மைக்கு எதிரானது' என்று இருப்பதை மட்டும் சுட்டிக்காட்டிவிட்டு, ஆறுதலாக அந்தப் பக்கத்தில் ஒரு காகிதமும் செருகி வைத்துவிட்டுப் போனார்.

இதற்கிடையில், கையேட்டை எழுதியவரே தன் சொந்தக் குழந்தையிடம் அதைச் செயல்படுத்துகிறார் என்ற செய்தி இயக்குநர் காதுக்குப் போயிற்று. இயக்குநர் உருகிவிட்டார். பிள்ளை பெற்றும் கையேட்டின் மீது நம்பிக்கை இழக்காத ஓர் ஊழியரை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"இதுதான்யா களச் சான்று!" என்றார் அவசரக் கூட்டத்தில், பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி. "அந்தக் குழந்தையை நேர்ல போய்ப் பாக்கணும். போட்டோகிராபர் வரட்டும்."

சனிக்கிழமை வந்தார்கள். இயக்குநர், இணை இயக்குநர், போட்டோகிராபர் மூவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். மேஜையில் நறுக்கிய கேரட், பீட்ரூட், தக்காளி, வெள்ளரி எல்லாம் பூ மாதிரி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சிட்டு அழைத்து வரப்பட்டாள்.

அவள் யாரும் சொல்லாமலே ஒரு கேரட் துண்டை எடுத்தாள். இயக்குநரின் கையைப் பிடித்தாள்.

"கேரட், இது தாத்தா. தாத்தா, இது கேரட்."

இயக்குநருக்கு 'தாத்தா' கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் நெகிழ்ந்து கை குலுக்கினார். சிட்டு ஒவ்வொரு காயாக எடுத்து மூன்று பேருக்கும் முறைப்படி அறிமுகம் செய்துவைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரு துண்டு குறையாமல் தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

"அபாரம்!" என்றார் இணை இயக்குநர். "இப்படி ஒரு ஏற்பை நான் பாத்ததே இல்ல."

"சாப்பிடுவாளோ?" என்று போட்டோகிராபர் கேட்டார். பாவம், தற்காலிக ஊழியர், நடைமுறை தெரியாது. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார் ஒரு துண்டு சாப்பிடற மாதிரி எடுத்துக்கலாம்" என்று அவரே சமாளித்தார்.

இயக்குநர் வெள்ளரித் துண்டு ஒன்றை இரண்டு விரலால் எடுத்தார். அது தன்னைக் கடித்துவிடும் என்பதுபோல் பார்த்தார். கடித்தார். சிரித்தார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. அடித்த கையோடு கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைக்கிற பாவனையில் அத்தனையையும் அதில் துப்பி மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"நமக்கு இதெல்லாம் சின்ன வயசுலேருந்தே ஒத்துக்காது" என்றார் கையேட்டுக்காரரிடம் தாழ்ந்த குரலில். "வீட்டம்மா குடுத்தா ஒரே சண்டை."

பெரியவர்கள் யாரும் கவனிக்கவில்லை. சிட்டு கவனித்தாள். மறுநாள் காலை அம்மா ஒரு தக்காளித் துண்டை நீட்டியபோது, அவள் முதலில் இடது கையை நீட்டினாள்.

"கைக்குட்டை" என்றாள்.

சனிக்கிழமை கிளம்பும்போதே இயக்குநர் ஒரு முடிவை அறிவித்திருந்தார். கையேடு நாற்பதாயிரம் பிரதி அச்சாகும். அட்டையில் சிட்டுவின் படம். "ஆனா ஒண்ணு. படத்துல குழந்தை தானா விரும்பிச் சாப்பிடணும். இயற்கையா இருக்கணும். ஒரு வாரத்துல எடுத்து அனுப்புங்க."

ஒரு வாரம் கையேட்டுக்காரர் செல்போனும் கையுமாக வீட்டுக்குள் அலைந்தார். சிட்டு காய் இருக்கிற திசையில் திரும்பினாலே படம் எடுத்தார். திரும்புவதையே அவள் நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி, லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. அடுப்படித் தொட்டிக்குக் கீழே குழாய் ஒழுகுகிறது என்று அக்கா கூப்பிட்டிருந்தாள். குழந்தை வளர்ப்பில் அவனுக்கு எந்த அறிவும் கிடையாது, ஆர்வமும் கிடையாது. குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, பசி தாங்காமல், கூடையிலிருந்து ஒரு முழு வெள்ளரிக்காயை எடுத்து, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கடித்துத் தின்ன ஆரம்பித்தான். கறுக், கறுக் என்று சத்தம்.

சிட்டு வந்து எதிரில் நின்றாள்.

"என்ன?"

"அது."

"இது என்னுது. போ."

"என்னுது."

"உன்னுது இல்ல. மாமாவுக்குப் பசிக்குது. அந்தப் பக்கம் போய் விளையாடு."

அவன் பாசாங்கு செய்யவில்லை. நிஜமாகவே கொடுக்க மனமில்லாமல்தான் காயை மறுகைக்கு மாற்றினான். அவன் குனிந்து ஸ்பேனரை எடுத்த நேரத்தில் சிட்டு அவன் மணிக்கட்டை இழுத்துப் பிடித்து, இருக்கிற பல்லையெல்லாம் வைத்து ஒரு கடி கடித்துவிட்டாள்.

"அக்கா! உன் பொண்ணு என் காயைக் கடிச்சுட்டா!"

அடுப்புப் பக்கம் நின்றிருந்த அக்கா திரும்பினாள். வாயில் விரலை வைத்து, பேசாதே, பேசாதே என்று தம்பியிடம் கெஞ்சுவதுபோல் தலையாட்டினாள். சிட்டுவின் கன்னம் உப்பியிருந்தது. உள்ளே கறுக்கென்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. துப்பவில்லை. முகம் சுளிக்கவில்லை. மென்றாள். பெற்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூச்சு விடவும் பயந்து நின்றாள்.

ஆனால் தம்பியின் கத்தல் கூடம் வரைக்கும் போய்விட்டிருந்தது.

"அப்படியே இரு! யாரும் அசையாதீங்க!"

கையேட்டுக்காரர் ஒரு கையில் செல்போன், ஒரு கையில் அறிமுகப் பதிவேடு என்று வாசலில் நின்றார். முகம் ஒளிர்ந்தது. ஆனால் அவர் பொறுப்பானவர். உணர்ச்சியில் தரத்தைக் கோட்டை விடுகிறவர் அல்ல. அடுப்படியில் வெளிச்சம் போதவில்லை. பின்னால் கழற்றிப் போட்ட குழாய். குழந்தை போட்டிருந்ததோ பச்சைச் சட்டை, வெள்ளரிக்காய் எடுபடாது.

மகளைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் உட்கார வைத்தார். மஞ்சள் சட்டை மாற்றினார். தலையை வாரிவிட்டார். அவள் இன்னும் வாயில் அந்தத் துண்டை அடக்கிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிட்டு, வாயில இருக்கறதைத் துப்பிடு கண்ணா. புதுசாக் கடிக்கிற மாதிரி எடுக்கணும்."

"ஏங்க, வேணாங்க!" என்று மனைவி பின்னாலேயே ஓடி வந்தாள்.

அதற்குள் அவர் கைக்குட்டையை நீட்டிவிட்டார். சிட்டு நல்ல பிள்ளையாகத் துப்பினாள்.

பிறகு தட்டு வந்தது, வட்ட வட்டமாக நறுக்கிய வெள்ளரி வந்தது. "கடி கண்ணா. சிரிச்சுக்கிட்டே கடி. இங்க பாரு, அப்பாவைப் பாரு." சிட்டு உதட்டைப் பூட்டிவிட்டாள். அவர் கெஞ்சினார், குதித்துக் காட்டினார், குருவி மாதிரி கத்தினார். கடைசியில் ஒரு துண்டை உதட்டருகே கொண்டுபோனார். சிட்டு வாயை அகலத் திறந்து வீடு அதிர அழுதாள்.

அந்தக் கணத்தில் எடுத்த படம்தான் அட்டைக்குத் தேர்வானது. அகலத் திறந்த வாய், அதற்கு நேராக ஒரு வெள்ளரித் துண்டு. கண்ணீர் வெளிச்சத்தில் மின்னுவதை இயக்குநர் 'ஆனந்தக் கண்ணீர்' என்று குறிப்பு எழுதி ஒப்புதல் அளித்தார்.

படம் எடுத்த அன்று அந்த வீட்டில் சண்டை சத்தமாக இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

"வாயில இருந்துச்சுங்க. முழுங்கப் போனா. நீங்க துப்பச் சொன்னீங்க."

"பதிவே இல்லாம சாப்பிட்டா, சாப்பிட்டான்னு எப்படி நிரூபிக்கறது?"

"யாருக்கு நிரூபிக்கணும்? அவ வயித்துக்கா?"

கையேட்டுக்காரர் ஆறு இணைப்புகளையும் ஒருமுறை புரட்டிப் பார்த்து மூடி வைத்தார். மாலையில் சிட்டு கக்கா நாற்காலியில் உட்கார்ந்து அழுதபோது, கையேட்டுக்காரர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் வலியில் அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து நெரித்தாள். அவர் விரலை விடுவித்துக்கொள்ளவில்லை. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு சேதம் செய்திருக்க அவருக்கு நேரமே இருந்திருக்காது.

மறுநாள் ஆணை வந்தது. 'பொருள்: செயல்முறை விளக்கச் சுற்றுப்பயணம். இருபத்தொரு நாட்கள், நாளொன்றுக்கு மூன்று இல்லங்கள் வீதம் அறுபத்து மூன்று இல்லங்களுக்கு நேரில் சென்று அறிமுக முறையை நிகழ்த்திக் காட்ட வேண்டியது.' மனைவி பெட்டியைத் தானே அடுக்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவ்வளவு உற்சாகமாகப் பெட்டி அடுக்கி அவர் பார்த்ததில்லை. கூடுதலாக இரண்டு சட்டை வைத்து, "அவசரப்பட்டு வந்துடாதீங்க" என்று வேறு சொன்னாள்.

அவர் போனதும் அவள் பதிவேட்டைப் பரண் மேல் போட்டாள். தினமும் மாலை வேலையிலிருந்து வந்து, அடுப்படித் தரையில் உட்கார்ந்து, தனக்கு ஒரு கிண்ணத்தில் ஏதாவது காயோ பழமோ நறுக்கி வைத்துக்கொண்டு தின்றாள். குழந்தையைக் கூப்பிடவில்லை. பார்க்கவும் இல்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியும் வந்து தனக்கென்று எடுத்துக்கொண்டு, ஒருத்தருக்கும் கொடுக்காமல் தின்றான்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் சிட்டு ஒரு தக்காளித் துண்டை நக்கிவிட்டுச் சுவரில் எறிந்தாள். ஐந்தாம் நாள் அம்மா கிண்ணத்திலிருந்து ஒரு வெள்ளரித் துண்டு காணாமல் போனது. அம்மா கவனிக்காத மாதிரி இருந்தாள். கவனிக்காத மாதிரி இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பெற்றவர்களுக்குத்தான் தெரியும். ஒன்பதாம் நாள் பப்பாளி, கை முழுக்கப் பிசுபிசுவென்று. பதினோராம் நாள் எதையும் தொடவில்லை. அதற்கு மறுநாள் அரைக் கேரட். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் காலை கக்கா நாற்காலியிலிருந்து அழுகைக்குப் பதில் கைதட்டல் கேட்டது. சிட்டு தனக்குத் தானே தட்டிக்கொண்டிருந்தாள்.

கையேட்டுக்காரர் அறுபத்து மூன்று இல்லங்களையும் வெற்றிகரமாக முடித்துத் திரும்பியபோது மருத்துவரைப் பார்க்கிற நாளும் வந்துவிட்டது. மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"பரவாயில்லையே! நல்லா இளகியிருக்கு. பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம். என்ன செஞ்சீங்க?"

கையேட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பையிலிருந்து கையேட்டை எடுத்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

"இவரை வெளியூருக்கு அனுப்பினோம் டாக்டர்."

மருத்துவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மருத்துவர் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அவர் கையிலிருந்த எண்பத்து நான்கு பக்கத்தைப் பார்த்தார். சீட்டில் 'இதையே தொடரவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்று மாலை கையேட்டுக்காரர் அடுப்படி வாசலுக்கு வந்தார். உள்ளே மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகில் சாய்ந்துகொண்டு, கால் நீட்டி, சிட்டு ஒரு பேரிக்காயைத் தின்றுகொண்டிருந்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, செல்போனைத் தொட்டது. மனைவி திரும்பாமலே ஒரு விரலை உயர்த்தினாள்.

அவர் கையை எடுத்துவிட்டார். மெதுவாகத் திரும்பி, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து மகள் மெல்லுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒன்றைக் குறித்துக்கொள்ளாமல் கேட்டார். கண் கலங்கியது. விஷயம் இவ்வளவுதானா என்று தோன்றியது. நீங்கள் தின்னுங்கள், குழந்தை அதைப் பார்க்கட்டும், நீங்கள் குழந்தையைப் பார்க்காதீர்கள். ஒரு வரி. ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம்.

அப்போது செல்போன் அடித்தது. அவர் கூடத்துக்கு ஓடிப் போய் எடுத்தார். நாற்பத்தோராவது இல்லத்துத் தாய்.

"சார், நீங்க வந்து எங்க பையனுக்குக் கேரட் காட்டிட்டுப் போனீங்கல்ல? அவன் அதுக்கு முன்னாடி நல்லா தின்னுவான் சார். கேரட், பீன்ஸ், எது குடுத்தாலும். வீட்டுக்கு யாரோ ஆபீசர் வராங்களேன்னுதான் நாங்க ஒத்துக்கிட்டோம். நீங்க போனதிலேருந்து எதையும் தொட மாட்டேங்கறான். தட்டைப் பாத்தாலே வாயை மூடிக்கறான். நாலு நாளா வெளிக்கும் போகலை. ஒரே அழுகை. என்ன சார் செய்யறது?"

கையேட்டுக்காரருக்குப் பதில் தெரியும். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் தெரிந்தது. நாக்கு நுனியில், பேரிக்காய்ச் சாறு மாதிரி ஈரமாக இருந்தது. விட்டுடுங்கம்மா, அவனைப் பாக்காதீங்க என்று சொல்ல வாயைத் திறந்தார். அன்று காலைதான் அச்சகத்திலிருந்து நாற்பதாயிரம் பிரதியும் வந்து, மூன்றாம் மாடி வராந்தாவில் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அலுவலகக் குரல் வந்தது.

"கவலையே படாதீங்கம்மா. காய் சாப்பிடற பிள்ளைங்களை நம்ம திட்டத்துல சேக்க விதி இடம் குடுக்காது. அதனால இத்தனை நாளா உங்க பையனுக்கு நாங்க ஒண்ணும் செய்ய முடியாம இருந்துச்சு. இப்போ அவனுக்குத் தகுதி வந்துடுச்சு."